தடங்கலுக்கு வருந்துகிறோம்: கிளிட்ச் என்கிற ஒப்பனை

நண்பர்கள் சிலர் சேர்ந்து எடுத்த ஆவணப்படம் ஒன்றின் முதல் வெட்டைப் பார்க்க அண்மையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றை இடித்துத் தள்ளி, அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியதைப் பற்றிய படம். ஊர் பேர் இங்கே வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பின்னணிக் குரலுக்கான வாசகங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இம்மாதிரி இடங்களில் அதைத்தான் கொடுப்பார்கள்.

வீட்டை இழந்த அம்மா ஒருவர் பேசுகிறார். நல்ல கேமராவில், நல்ல வெளிச்சத்தில், பொறுமையாக எடுக்கப்பட்ட நேர்காணல். ‘சாமான எடுக்கக்கூட விடல’ என்று அவர் சொல்கிற இடத்தில் படம் திடீரென்று பக்கவாட்டில் கிழிகிறது. முகத்திலிருந்து சிவப்பு ஒரு பக்கமும் நீலம் இன்னொரு பக்கமும் விலகி ஓடுகின்றன. கிடைக்கோடுகள் நடுங்குகின்றன. கர்ரென்று ஒரு சத்தம். அரை நொடிதான். பிறகு எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. ஒரு மணி நேரப் படத்தில் இப்படி முப்பது தடவைக்கு மேல் வருகிறது. அந்த அம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார். படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘ஏன் தம்பி, நான் பேசுறப்ப மட்டும் டிவி ரிப்பேர் ஆவுது?’

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எடிட்டர் தம்பிதான் பதில் சொன்னார்: ‘அது எஃபெக்ட்டும்மா.’

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ரிப்பேர் ஆகாத ஒன்றை ரிப்பேர் ஆனதுபோல் ஏன் காட்டுகிறோம்? அதுவும் அவர் பேசும்போது ஏன்?

எஃபெக்ட் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமலேயே அதன் அரசியலைப் பேசுவது நம்மிடம் ஒரு வியாதியாக இருக்கிறது. சினிமா விமர்சனம் என்ற பெயரில் கதைச் சுருக்கம் எழுதிப் பழகியதன் விளைவு. ஆகவே ஒரு நாள் எடிட்டர் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் வேலை செய்வது ஆஃப்டர் எஃபெக்ட்ஸில். முதலில் ஒரே காட்சித் துண்டை மூன்று பிரதியாக எடுத்துக்கொள்கிறார். ஒன்றில் சிவப்பை மட்டும் வைத்துக்கொள்கிறார், இன்னொன்றில் பச்சை, மற்றொன்றில் நீலம். மூன்றையும் ஒளி கூடுகிற முறையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பழைய படமே திரும்பக் கிடைக்கும். இப்போது சிவப்பைச் சில பிக்சல்கள் இடதுபக்கமும் நீலத்தைச் சில பிக்சல்கள் வலதுபக்கமும் தள்ளுகிறார். முகம் பிளந்துகொள்கிறது. அதற்குமேல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்று ஒரு வெற்று அடுக்கு. அதற்கென்று படம் எதுவும் கிடையாது. கீழே இருப்பதை மாற்றிக் காட்டுவது மட்டுமே அதன் தொழில். அதில் டிஸ்பிளேஸ்மென்ட் மேப்பைப் போடுகிறார். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமான ஒரு இரைச்சல் படத்தை அது வாசிக்கிறது. வெள்ளை இருக்கிற இடத்தில் கீழேயுள்ள படத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. கறுப்பு இருக்கிற இடத்தில் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நடுச்சாம்பலாக இருந்தால் சும்மா விட்டுவிடுகிறது. படம் பட்டை பட்டையாகக் கிழிவது இதனால்தான். நடுக்கத்துக்கு ‘விக்கிள்’ என்று ஒரு கட்டளை. நொடிக்கு எத்தனை தடவை, எவ்வளவு தூரம் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும், தற்செயல் தயாராகிவிடும். பிறகு அந்த அடுக்கைப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் அளவுக்கு வெட்டி, அம்மா பேசுகிற இடத்துக்கு மேலே கொண்டுபோய் வைக்கிறார். கேப்கட் போன்ற கைபேசிச் செயலிகளில் இவ்வளவு பாடுகூட இல்லை. கிளிட்ச் என்று பட்டியலிலேயே இருக்கிறது. விரலால் தொட்டால் சரி.

தம்பி கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சிவப்பும் நீலமும் விலகித் தெரிவது, மூன்று வண்ணக் கதிர்கள் ஓரிடத்தில் சேராமல் போகிற பழைய பிக்சர் ட்யூபின் நோய். கிடைக்கோட்டு நடுக்கமும் கீழே ஓடுகிற இரைச்சல் பட்டையும் வி.எச்.எஸ். நாடாவின் டிராக்கிங் கோளாறு. சதுரம் சதுரமாக உடைவது டிஜிட்டல் சுருக்கத்தின் கோளாறு. மூன்றும் மூன்று காலத்து எந்திரங்களின் நோய்கள். மெமரி கார்டில் பதிவான ஒரு நேர்காணலுக்கு நாடா ஏது, ட்யூப் ஏது? எந்த எந்திரத்துக்கும் வந்திராத ஒரு நோயை, மூன்று நோய்களின் அறிகுறிகளைக் கூட்டிச் சேர்த்து உருவாக்குகிறோம். இந்தக் கோளாறுக்கு வரலாறு கிடையாது. கோளாறு என்பதன் குறிப்பான் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

குறியியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பர்ஸ் குறிகளை வகைப்படுத்தும்போது, தான் சுட்டுகிற பொருளோடு நேரடியான தொடர்பு கொண்ட குறி என்று ஒரு வகையைச் சொல்வார். புகை நெருப்பைச் சுட்டுவது போல. நெருப்பில்லாமல் புகையாது என்று நம்மூரில் சொல்வதும் அதைத்தான். நிஜக் கிளிட்ச் இந்த வகைக் குறி. எங்கேயோ மின்சாரம் எகிறியிருக்கிறது, நாடா கசங்கியிருக்கிறது, அலைவரிசை அறுந்திருக்கிறது, யாரோ ஒருவர் கேமராவைத் தட்டிவிட்டிருக்கிறார் என்று அது சொல்கிறது. எஃபெக்ட் என்பது புகையை மட்டும் பாட்டிலில் அடைத்து விற்பது.

கிளிட்சுக்குத் தமிழில் என்ன சொல்வது? கோளாறு, பழுது, பிழை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பொருந்துகின்றன. எனக்குப் பிடித்தது பிசிறு. பாடுகிறவரின் குரலில் பிசிறு தட்டுகிறது என்கிறோமே, அது. ஒரு கணம் வெளிப்பட்டு மறைவது, ஆனால் குரல் என்பது தொண்டை என்கிற சதையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுவது. ஆங்கிலச் சொல்லை 1962இல் வெளிவந்த விண்வெளி வீரர்களின் நூலொன்றில் ஜான் கிளென் விளக்கியிருக்கிறார். மின்சுற்றில் திடீரென்று ஏற்படுகிற மின்னழுத்த மாற்றத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருந்த பெயர் அது. பொறியாளனுக்கு அது எரிச்சல். கலைஞர்களுக்குப் புதையலாகத் தெரிந்தது. 1965இல் நாம் ஜுன் பைக் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தைத் தூக்கி வைத்தார். எலக்ட்ரான் கதிர் வளைந்து, ஒளிபரப்பு அலைவரிசை வேறு ஏதோவாக மாறியது. வீட்டுக்குள் ஒருவழியாக மட்டுமே பேசிக்கொண்டிருந்த பெட்டியைத் திருப்பிப் பேச வைத்த காரியம் அது. 1970களின் பிற்பகுதியில் சிகாகோவில் ஜேமி ஃபென்டனும் நண்பர்களும் வீடியோ விளையாட்டுப் பெட்டியைக் கையால் குத்தி, கார்ட்ரிட்ஜ் வெளியே தெறிக்கும்போது திரையில் விழுந்த குப்பையைப் பதிவு செய்து படமாக்கினார்கள். இவர்கள் எந்திரத்தின் மேல் கை வைத்தார்கள். எந்திரம் கெட்டுப்போவதற்கான வாய்ப்பு நிஜமாகவே இருந்தது.

இதைச் சொல்லும்போதே ஒரு பொறி இருக்கிறது. ஆதியில் எல்லாம் தூய்மையாக இருந்தது, பிறகு சந்தை வந்து கெடுத்துவிட்டது என்கிற புலம்பல். அந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. 2004இல் இமான் மொராடி தன் ஆய்வேட்டில் அசல் கிளிட்ச், கிளிட்ச் போன்றது என்று இரண்டாகப் பிரித்தார். தானாக நடந்தால் அசல். திட்டமிட்டுச் செய்தால் போன்றது. இந்தப் பிரிவினை நமக்கு உதவாது. காந்தத்தைத் தூக்கி வைத்த பைக்கும் திட்டமிட்டுத்தானே வைத்தார்?

டேட்டாமோஷ் என்கிற முறையை எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாகச் சேமித்து வைப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம். அதற்கு ஐ ஃபிரேம் என்று பெயர். அதற்குப் பின்னால் வருகிற பி ஃபிரேம்களில் என்ன மாறியது என்பது மட்டும்தான் இருக்கும். படத்தைச் சிறுசிறு சதுரங்களாக வெட்டி, இந்தச் சதுரம் இவ்வளவு தூரம் இந்தப் பக்கம் நகர்ந்தது என்று ஒரு கணக்கு. சுருக்கத்தின் சூட்சுமமே அதுதான். இப்போது ஒரு காட்சி முடிந்து மறுகாட்சி தொடங்குகிற இடத்திலுள்ள ஐ ஃபிரேமை நீக்கிவிட்டால்? பழைய காட்சியின் நிறமும் தோலும் அப்படியே இருக்க, புதிய காட்சியின் அசைவு மட்டும் வந்து அவற்றை இழுத்துக்கொண்டு போகும். ஒருவர் முகத்துக்குள் இன்னொருவர் நடந்து போவார். அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு இதை ஒவ்வொரு வெட்டாகத் தேடித் தேடிச் செய்தார்கள். இது திட்டமிட்ட காரியம்தான். ஆனால் இங்கே நிஜமாகவே ஒன்று தொலைந்திருக்கிறது. அந்தக் கோப்பில் இனி அந்த ஐ ஃபிரேம் இல்லை. எந்திரம் தன்னிடம் இருக்கிறதை வைத்துத் தவறாக ஊகிக்கிறது. அந்த ஊகத்தைத்தான் நாம் பார்க்கிறோம். வீடியோ என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி ஊகம்தான் என்பது அப்போது அம்பலமாகிறது. தகேஷி முராட்டா 2005இல் செய்த ‘மான்ஸ்டர் மூவி’ இன்றைக்கும் பார்க்கத் தக்கதாக இருப்பது இதனால்தான்.

2009இன் தொடக்கத்தில் இதே முறையில் அடுத்தடுத்து இரண்டு பாட்டு வீடியோக்கள் வந்தன. ஒன்று சேர்லிஃப்ட் குழுவினுடையது, மற்றது கான்யே வெஸ்டினுடையது. லண்டனில் இதே சுருக்கக் கோளாறுகளை வைத்துக் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த பால் டேவிஸ் என்ற கலைஞர், கான்யே வெஸ்ட் தன் கண்காட்சியைக் கெடுத்துவிட்டார் என்ற பொருளில் ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து அதையே கண்காட்சியின் தலைப்பாக வைத்தார். கோபமும் கேலியும் சரிபாதி. நெதர்லாந்துக் கலைஞர் ரோசா மெங்க்மன் 2010, 2011இல் எழுதியவற்றில் இன்னும் நிதானமாக இதைப் பேசுகிறார். உடைப்பாக வந்தது வகைமையாகிவிடும், வகைமை வார்ப்புருவாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் தன்னுடைய ஒரே படத்தை வெவ்வேறு கோப்பு வடிவங்களில் சேமித்து, ஒவ்வொன்றையும் உடைத்து, எந்த வடிவம் எப்படி உடைகிறது என்று ஒரு அகராதியே போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி முறிவு உண்டு. முறிவைப் பார்த்து எந்திரத்தைப் படிக்கலாம். நம் எஃபெக்டைப் பார்த்து எதைப் படிக்க முடியும்? அதைச் செய்தவரின் பட்டியலை வேண்டுமானால் படிக்கலாம்.

ஆகவே நான் வைக்கிற அளவுகோல் தற்செயலா திட்டமா என்பது அல்ல. அடியில் என்ன இருக்கிறது என்பது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அந்தக் கண்ணை அழுத்தினால் அடுக்கு மறைந்துவிடும். தம்பி அழுத்திக் காட்டினார். கிழிசல் போய்விட்டது. அந்த அம்மாவின் முகம் முழுசாக, ஒரு பிக்சல்கூடச் சேதமில்லாமல் அடியில் இருந்தது. எஃபெக்டின் சாரமே இந்தக் கண்தான். சேதம் மேலே, சேதமில்லாத சொத்து கீழே, பத்திரமாக. எதையும் இழக்காத ஒரு படத்தின் மேல் இழப்பின் அடையாளத்தைப் பூசுகிறோம். டேட்டாமோஷ் செய்த கோப்பில் அழுத்துவதற்குக் கண் கிடையாது.

சுவடிப் பதிப்பு படித்தவர்களுக்கு ஒரு ஒப்புமை. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்து எழுத்துத் தெரியாத இடங்களில் புள்ளி வைத்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். அவற்றுக்கு அடியில் ஒன்றும் இல்லை, செல்லும் பூச்சியும் தின்றது தின்றதுதான் என்பது நமக்குத் தெரியும். இப்போது, முழுசாகக் கிடைத்த பாட்டின் நடுவில், சோகமாக இருக்கட்டும் என்று நாலு புள்ளி வைக்கிற பதிப்பாசிரியர் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவரை என்ன செய்வோம்?

பேய்ப்படத்துக்கும் பாட்டு வீடியோவுக்கும் கிளிட்ச் போடுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. பேய் பொய் என்பது பார்ப்பவருக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும். என் பிரச்சினை நம்மோடு. இயக்கப் படங்கள், மாற்று ஊடகம், எதிர்ப்புக் கலை என்றெல்லாம் சொல்லிக்கொள்கிற நாம் ஏன் இதை இவ்வளவு ஆசையாக எடுத்துக்கொண்டோம்? அரசின் படமும் விளம்பரத்தின் படமும் வழவழவென்று இருக்கின்றன. ஆகவே கரடுமுரடாக இருப்பது எதிர்ப்பு என்று ஒரு எளிய சமன்பாடு. 2009இல் ஹிட்டோ ஸ்டெயெர்ல் ‘ஏழைப் படிமம்’ பற்றி எழுதினார். தெளிவின் அடிப்படையில் படிமங்களுக்குள்ளும் வர்க்கம் இருக்கிறது. பிரதியின் பிரதியாக, சுருங்கிச் சுருங்கி அலைகிற மங்கலான படம் அந்த ஏணியின் அடியில் இருக்கிறது என்றார். நாம் அதைப் படித்துவிட்டு என்ன செய்தோம்? பணக்காரப் படிமத்துக்கு ஏழை வேஷம் போட்டுவிட்டோம். கந்தலை வாங்கி உடுத்திக்கொள்கிற ஃபேஷன் இருக்கிறதல்லவா, அது. லெகசி ரஸல் 2020இல் எழுதிய கிளிட்ச் பெண்ணியம் பற்றிய நூலையும் இங்கே இழுப்பார்கள். அவர் பேசுவது வேறு விஷயம். இந்த ஒழுங்கமைப்பு யாரைப் பிழை என்று வாசிக்கிறதோ, அந்தக் கறுப்பு உடலும் பால் வரையறைக்குள் அடங்காத உடலும் அந்தப் பிழையையே மறுப்பாக ஏந்துவது பற்றி அவர் பேசுகிறார். பிழையாக வாசிக்கப்படுகிறவர் ஏந்துவது வேறு. தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கிற ஒருவர் மேல் எடிட்டர் ஏற்றி வைப்பது வேறு. அந்த அம்மா தெளிவாகத்தான் பேசினார். அவரைப் பிழையாக்கியது நாம்.

சரி, இதில் என்ன கெட்டுப்போயிற்று, அரை நொடி அலங்காரம்தானே என்று கேட்கலாம். கெட்டுப்போவது எங்கே என்று சொல்ல, எனக்குக் கூச்சமாக இருக்கிற ஓரிடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கிளிட்சைப் பற்றிய பேச்சுக்கு நடுவே அதைக் கொண்டுவருவதுகூடச் சரியா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு படத்தில் அடுக்கு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி உயிர்போகிற கேள்வியாக மாறியது அங்கேதான்.

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 செய்தியில் ஒரு கைபேசிக் காட்சி ஒளிபரப்பானது. இலங்கையில் போரின் கடைசி மாதங்களில் எடுக்கப்பட்டது என்று சொல்லப்பட்ட காட்சி. ஆடை களையப்பட்டு, கை பின்னால் கட்டப்பட்ட மனிதர்களைச் சீருடைக்காரர்கள் பின்னாலிருந்து சுட்டுக் கொல்கிறார்கள். ஆடுகிற, மங்கலான, கடுமையாகச் சுருக்கப்பட்ட படம். இலங்கை அரசு உடனே இது போலி என்றது. தான் அமர்த்திய நிபுணர்களை வைத்தும் அதையே சொல்ல வைத்தது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக அப்போது இருந்த பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், வீடியோ, துப்பாக்கி ஆகிய துறைகளிலிருந்து மூன்று நிபுணர்களைக் கொண்டு ஆராயச் செய்து 2010 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். வீடியோ நிபுணர் கண்டது: காட்சித் தொடர்ச்சியில் முறிவு இல்லை, கூடுதலான வீடியோ அடுக்குகள் இல்லை, படத்தில் கைவைத்ததற்குச் சான்று இல்லை.

கூடுதலான அடுக்குகள் இல்லை. எடிட்டிங் மேசையில் நாம் தினமும் விளையாட்டாகப் புழங்குகிற சொல். இங்கே ஒரு கொலை நடந்ததா இல்லையா என்பது அந்தச் சொல்லில் தொங்குகிறது. அதே முடிவில், விளக்க முடியாமல் எஞ்சியவை என்று சிலவற்றையும் அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். சுடப்பட்ட சிலரின் உடல் அசைவுகள்; காட்சியின் கடைசியில் இருந்த 17 ஃபிரேம்கள்; கோப்புக்குள் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது மே மாதத்தில். போதாதா? போலி என்று சொன்னவர்கள் இந்தப் பிசிறுகளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆல்ஸ்டனுக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், பின்னர் கிடைத்த நீளமான காட்சியை ஆராயச் செய்து, அது உண்மையானதுதான் என்று 2011இல் மனித உரிமைப் பேரவையில் சொல்ல வேண்டியிருந்தது. ஒளிபரப்பானதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் சாட்சியின் மேல் இருந்த கறை அதனுடைய தரக்குறைவு. தரக்குறைவுக்குக் காரணமோ, அது எடுக்கப்பட்ட விதமும் வெளியே வந்து சேர்ந்த விதமும்.

இதற்கும் நம் எடிட்டர் தம்பிக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. எஃபெக்ட் போட்டதால்தான் அந்தக் காட்சியைச் சந்தேகித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அரசுகளுக்கு மறுக்க எஃபெக்ட் தேவைப்படுவதில்லை. நான் சொல்வது பார்வைப் பழக்கத்தைப் பற்றி. உடைந்த படம் என்றால் யாரோ மேசையில் உட்கார்ந்து செய்தது என்று பார்வையாளரின் கண்ணைத் தினமும் பழக்கிக்கொண்டிருக்கிறோம். செயற்கை அறிவு முழுக் காட்சியையே உண்டாக்கித் தருகிற இன்றைக்கு அந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது. பிசிறுதான் சாட்சியின் கைரேகை என்றால், அந்த ரேகையை ரப்பர் ஸ்டாம்பாகச் செதுக்கி எல்லார் கையிலும் கொடுத்துவிட்டோம். எதிராளி கையிலும்தான்.

லெபனான் கலைஞர் ராபி ம்ரூவே 2012இல் நிகழ்த்திய ‘பிக்சலாக்கப்பட்ட புரட்சி’ என்ற உரை நிகழ்வு இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. சிரியாவில் கைபேசியால் படமெடுத்துக்கொண்டிருக்கிற ஒருவர், தன்னை நோக்கித் துப்பாக்கியைத் திருப்புகிறவனையே படமெடுக்கிறார். சத்தம் கேட்கிறது, படம் சுழன்று விழுகிறது. ஓடாமல் ஏன் எடுத்துக்கொண்டே இருந்தார் என்று ம்ரூவே திரும்பத் திரும்பக் கேட்கிறார். துப்பாக்கிக்காரனின் முகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் பிக்சல்தான் மிஞ்சுகிறது. அந்தப் பிக்சல்களுக்கு மேல் எந்த அலங்காரத்தையும் அவர் சேர்க்கவில்லை. சேர்க்க இடமில்லை.

நம் படத்துக்குத் திரும்புகிறேன். தம்பியோடு உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவருடைய கணினியில் ‘வேண்டாதவை’ என்ற ஃபோல்டரில் ஒரு கோப்பைப் பார்த்தேன். என்ன இது என்றேன். ‘அது கரப்ட் ஃபைல்ணா, யூஸ் பண்ண முடியாது’ என்றார். விசாரித்தால் கதை இது. இடிப்பு நடந்த அன்று காலையில் குடியிருப்பைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் தன் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். வந்தவர்களில் ஒருவர் பிடுங்கித் தரையில் அடித்திருக்கிறார். கைபேசி அணைந்துவிட்டது. எம்பி4 கோப்பில், எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையைப் பெரும்பாலான கைபேசிகள் பதிவு முடிந்த பிறகு கடைசியில்தான் எழுதும். பாதியில் அணைந்தால் படம் உள்ளே இருக்கும், அட்டவணை இருக்காது. ஆகவே கோப்பு திறக்காது. கார்டை எடுத்துக் காப்பாற்றி, அதே மாடல் கைபேசியில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை முன்மாதிரியாகக் கொடுத்து, யாரோ மெனக்கெட்டு மீட்டிருக்கிறார்கள். மீண்டது 11 நொடி.

போடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சுவர், அதில் பாதி. பொக்லைனின் மஞ்சள். பிறகு படத்தின் கீழ்ப்பாதி பச்சையாக உறைந்துபோகிறது. மேல்பாதியில் யாரோ ஒருவரின் சட்டை, சதுரம் சதுரமாக இழுபட்டு, பச்சைக்குள் வழிகிறது. சத்தம் இல்லை, அது மீளவில்லை. ஒரு கை பெரிதாக வருகிறது. அத்தோடு சரி. கண்ணை அழுத்திப் பார்க்க அங்கே அடுக்கு எதுவும் இல்லை. அடியில் இருந்திருக்க வேண்டியதை அந்தக் கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதைத் தரமில்லை என்று ஒதுக்கிவிட்டு, தெளிவாகப் பேசிய அம்மாவின் முகத்தை முப்பது தடவை கிழித்திருக்கிறோம். நண்பர்களிடம் இதைச் சொன்னேன். நல்ல சண்டை. ஒருவர், விழாக்களில் இந்த மொழிதான் எடுபடுகிறது என்றார். இன்னொருவர், இளைஞர்கள் பார்க்க வேண்டாமா, நீ இன்னும் வானொலிக் காலத்தில் இருக்கிறாய் என்றார். அந்த 11 நொடியைப் போட்டால் அதுவும் எஃபெக்ட் என்றுதான் நினைப்பார்கள் என்று எடிட்டர் தம்பி சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. முப்பது பொய்க் கிழிசலுக்கு நடுவே முப்பத்தோராவதாக அது வந்தால் நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முப்பதையும் எடுத்துவிடுவது என்று கடைசியில் முடிவானது, அரைமனதாக. 11 நொடியும் உள்ளே வருகிறது. அதற்கு முன்னால் என்ன எழுத்துப் போடுவது என்று பேச்சு வந்தபோது, தூர்தர்ஷனில் ஒளிபரப்பு அறுந்தால் போடுவார்களே, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று, அதைப் போட்டால் நக்கலாக இருக்கும் என்றார் ஒருவர். எனக்கு அது பிடிக்கவில்லை. வருந்த வேண்டியவர்கள் நாமா? கைபேசி பிடுங்கப்பட்ட தேதி, நேரம், மீட்கப்பட்ட விதம், மீளாமல் போன நிமிஷங்கள், இவ்வளவையும் கறுப்பில் வெள்ளை எழுத்தாகப் போடுங்கள் என்றேன். வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். மாணவனையும் கேட்க வேண்டும். அவன் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை.